புதன் வக்கிரமும் ஆர்வில் வீட்டுப் பெட்டியும்

அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் எங்கள் எல்க் பெண்ட் ஊரில் அந்தப் பிப்ரவரி மாதம் பேரப்பிள்ளைகளைவிடக் கம்ப்யூட்டர்களுக்குத்தான் போர்வை அதிகம் கிடைத்தது. சமூகக்கூடத்து வாசலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூச்சு மீசையிலேயே உறைகிற குளிர். ஏரிப்பனிமேல் மீன் பிடிக்க இழுத்துப்போகும் சறுக்குவண்டியில் கம்ப்யூட்டரை ஏற்றி, ஒட்டுப்போட்ட மெத்தைப் போர்வையைச் சுற்றி, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது ஜனம். பின்னால் வந்த பிள்ளைக்குக் குல்லாய் இல்லை. பெட்டிக்கு இருந்தது.

எல்லாம் லியாண்டரைப் பார்க்கத்தான். மேற்குக் கரையிலிருந்து வேன் ஓட்டிக்கொண்டு வந்த மகான். பின்னிவிட்ட நரைமுடி, ஊதா அங்கி, கையில் வெண்கலக் கிண்ணம். தொழில், கம்ப்யூட்டருக்குச் சாந்தி கழிப்பது.

"புதன் வக்கிரத்துல நிக்கிது" என்றார் அவர், கூடத்து மேடையில் கண்ணை மூடிக்கொண்டு. "சேதிக்கெல்லாம் அதிபதி புதன். அவர் பின்னால நடக்கும்போது செத்தவங்க கரண்டு வழியா வீட்டுக்குத் திரும்பி வருவாங்க. வந்து எங்க உக்காருவாங்க? அட்மின் நாற்காலியில!"

கூட்டம் "ஓ!" என்றது.

செல்லங்களே, அட்மின் என்பது வீட்டுக் கம்ப்யூட்டரின் நாட்டாமை. அந்தப் பெயரில் பாஸ்வேர்டு போட்டு நுழைந்தால்தான் பெட்டி சொன்ன பேச்சு கேட்கும். மற்றவர்கள் எல்லாம் விருந்தாளி, வாசலோடு சரி. அப்பேர்ப்பட்ட நாற்காலியில் ஆவி உட்கார்ந்தால் வீடு என்ன ஆகும்? பயந்துபோனோம். சூனியக்காரி கதையைப் பிள்ளைகள் சொன்னால் சிரிக்கிற ஊர்தான். ஆனால் கிரகத்தின் பேரைச் சொன்னால் அது விஞ்ஞானம் இல்லையா!

முதல் வாரம் ஆசீர்வாதம் இலவசம். பெட்டிக்காரர் பாஸ்வேர்டு போட்டுத் திறந்துவைத்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும். லியாண்டர் அதன்மேல் ஊதாத் துணியைப் போர்த்தி, கிண்ணத்தை ஒரு தட்டுத் தட்டி, தலையையும் இரண்டு கையையும் துணிக்குள் விடுவார். "இப்ப எல்லாரும் சுவரைப் பாருங்க" என்பார்.

பார்த்தோம். இங்கே அதற்குச் சொல்லவே வேண்டாம். ஒருத்தர் ரகசியச் சொல் அடிக்கும்போது மற்றவர் கூரையைப் பார்ப்பார், தன் பூட்ஸைப் பார்ப்பார். பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்திருந்தாலும் எட்டிப் பார்க்காத மரியாதைக்காரர்கள் நாங்கள். தட்டில் கடைசித் துண்டு கேக்கை மூன்று தரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்போம். இப்படிப்பட்ட ஊர் கிடைத்தால் எந்த மகானுக்குத்தான் கசக்கும்?

ஒரே வாரம். ஊரில் பாதிப் பேருக்குப் பாஸ்வேர்டு ஏறவில்லை. நேற்றுவரை திறந்த பெட்டி இன்று 'தவறு' என்கிறது. மெதுவாக அடித்தாலும் தவறு. அணைத்துப் போட்டாலும் தவறு.

"பாத்தீங்களா, அவரு சொன்ன மாதிரியே ஆவி வந்து உக்காந்திருச்சு!" என்று காப்பிக் கடையில் வியந்தார்கள். அவர் தொட்ட பெட்டியில் மட்டும் ஆவி எப்படி வந்தது என்று கேட்பது மரியாதையாக இருக்காது பாருங்கள்.

இரண்டாம் வாரத்திலிருந்து காணிக்கை. துணி, கிண்ணம், சுவர். துணியை எடுத்ததும் அதே பாஸ்வேர்டு ஏறிவிடும்! அழுதார்கள், கட்டிப்பிடித்தார்கள். ஒரே ஒரு விரதம் மட்டும் சொல்லியிருந்தார். பாஸ்வேர்டு போடுகிற கட்டத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும். அதைத் தொடக்கூடாது. "அது ஆவியோட கண்ணு. தொட்டீங்கன்னா உங்களையே பாக்கும்." ஊரே அந்தக் கண்ணுக்கு அஞ்சி நடந்தது.

சில பெட்டிகளுக்கு மட்டும் கோபம் முற்றிவிட்டது என்பார். அவற்றை அடக்கம் செய்ய வேண்டும். அடக்கத்தை அவரே செய்துவிடுவார், தன் வேனில் ஏற்றிக்கொண்டுபோய். புத்தம்புதுப் பெட்டிகளுக்குத்தான் எப்போதும் கோபம் முற்றியது. பழசுகள் சாதுவாகவே இருந்தன.

ஆர்வில் டோர்ஸ்டாட்டின் பெட்டி புதுசு. மனைவி வெர்னா இறந்துபோவதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு வாங்கியது. அட்மினாக இருந்தவளும் அவள்தான். படங்கள் அதில், அவள் பாடிய பாட்டு அதில், அவளுடைய சிரிப்பும் அதில்தான். பாஸ்வேர்டு அவள் வளர்த்த பசுவின் பேர், மட்டில்டா. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் தினமும் மட்டில்டா என்று அடித்து அவளைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார் கிழவர். ஆசீர்வாதத்துக்குப் பிறகு அது நின்றுபோனது.

"உங்க வீட்டம்மா கோவமா இருக்காங்க" என்றார் லியாண்டர். "வேற யாரோடயோ பழகுறீங்களா?"

ஆர்வில் காது வரைக்கும் சிவந்தார். தபாலாபீஸில் வேலை பார்க்கும் அர்டிஸ் அம்மாளுடன் அவர் இரண்டொரு தரம் காப்பி குடித்திருந்தார். காப்பிதான். அது ஊருக்கே தெரியும், வேனில் வந்தவருக்குத் தெரியாதா?

அன்றே ஆர்வில் அர்டிஸுக்குப் போன் போட்டு இனி வரமாட்டேன் என்றார். அதோடு விடவில்லை லியாண்டர். பெட்டியை அடக்கம் செய்தால்தான் வெர்னாவுக்கு அமைதி என்று நாள் குறித்தார்.

அந்தச் சனிக்கிழமை கூடம் நிரம்பியது. வெர்னாவின் தங்கை மார்லிஸும் வந்தாள். பள்ளிக்கூடத்தில் தட்டச்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பார்க்காமலே அடிப்பாள், பார்க்காமலே திட்டுவாள்.

"ஆர்வில், நெசமாவே இதக் குடுத்திரப் போறியா?"

"உங்கக்கா நிம்மதியா இருக்கணும் மார்லிஸ். அவ என்மேல கோவமா போயிருக்கா."

"எங்கக்காவுக்குக் கோவம் வந்தா என்ன பண்ணுவான்னு உனக்குத் தெரியாதா? சட்டியத் தூக்கிப் போடுவா. பெட்டிக்குள்ள போயி மொறச்சுக்கிட்டு உக்காருற ஆளா அவ?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

லியாண்டர் குனிந்து பெட்டியை எடுக்கப் போனார். மார்லிஸ் அதன்மேல் கை வைத்தாள்.

"ஒரு நிமிசம் சாமி. கடைசியா ஒருதரம் மட்டில்டான்னு அடிச்சுப் பாத்துக்கிறேன். அந்தக் கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டு. அதத் தொட்டா அடிக்கிற எழுத்து புள்ளியா மறையாம அப்படியே தெரியும்."

"அம்மா, வேண்டாம்! ஆவி பாக்கும்!"

"பாக்கட்டும். எங்கக்காதான? என்னைப் பாத்தே ரொம்ப நாளாச்சு."

பழக்கதோஷத்தில் ஊர் சுவர்ப்பக்கம் திரும்பியது. மார்லிஸ் வகுப்பறைக் குரலை எடுத்தாள். "யாரும் சுவரப் பாக்கக் கூடாது! பசுமாட்டுப் பேருல என்ன ரகசியம்? எல்லாரும் இங்க பாருங்க. ஆர்வில், நான் அடிக்கிறேன், விழுற எழுத்த நீ சத்தமா வாசி."

அவள் எம் அடித்தாள். திரையில் பார்த்த ஆர்வில் கண்ணாடியைத் துடைத்தார். "காற்புள்ளி விழுந்திருக்கு."

அவள் ஏ அடித்தாள்.

"க்யூ."

"நான் அடிச்சது ஏ. ஏ அடிச்சா க்யூ விழுந்தா பாஸ்வேர்டு எங்கேர்ந்து ஏறும்?" மார்லிஸ் திரையின் கீழ் மூலையைக் காட்டினாள். எறும்பு அளவில் மூன்று எழுத்து. "என்னன்னு வாசி."

ஆர்வில் மூக்கு ஒட்டக் குனிந்து பார்த்தார். "எஃப், ஆர், ஏ... பிரெஞ்சுன்னு போட்டிருக்கு."

"பிரெஞ்சுக்காரங்க விசைப்பலகையில எழுத்து எடம் மாறியிருக்கும். யாரோ இதுக்குள்ள பூந்து மாத்தி வச்சிருக்காங்க. ஏன் ஆர்வில், எங்கக்கா செத்தப்புறம் பிரெஞ்சு படிச்சாளா?"

"அவளா? நார்வேக்காரன் வீட்டுல பொறந்துட்டு நார்வே பாஷையே வரலியே!"

மார்லிஸ் அந்த மூன்றெழுத்தை அமுக்கி ஆங்கிலத்துக்கு மாற்றினாள். மட்டில்டா. திறந்துகொண்டது பெட்டி. திரை நிறைய வெர்னா, கையில் தன்னைவிடப் பெரிய மீனைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிச் சிரித்தாள்.

சறுக்குவண்டிப் பெட்டிகள் ஒவ்வொன்றாக மேசைக்கு ஏறின. அந்த மூலையில் பிரெஞ்சு, இந்த மூலையில் பிரெஞ்சு. எல்க் பெண்ட்டின் ஆவிகள் மொத்தமும் பாரிசுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்திருந்தன.

"அதுதான் புதனோட லீலை!" என்றார் லியாண்டர், குரலை உயர்த்தி. "கிரகத்துக்கு எல்லா பாஷையும் தெரியும்!"

"அப்ப சரி" என்றாள் மார்லிஸ். தன் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். "என்னுது நல்லாத்தான் ஓடுது. ஆசீர்வாதம் பண்ணுங்க. துணி வேண்டாம். நாங்க பாத்துக்கிட்டு இருக்கோம்."

ஊரே பார்த்தது. முதல்முறையாக, கண்ணை எடுக்காமல்.

மகானின் கைகள் விசைகளுக்கு மேலே அப்படியே நின்றன. ஒரு விரல்கூட இறங்கவில்லை.

"கூட்டம் அதிகமா இருக்கு... சக்தி கலைஞ்சு போச்சு..."

"நேத்துக் கலையலியே?"

"சந்தேகப்படுறவங்க நடுவுல..."

"வேனுல இருக்கிற எங்க பெட்டிங்கள எறக்கி வச்சிட்டுப் போங்க" என்றார் பின்னால் இருந்த ஒரு தடித்த மரம்வெட்டி. "அடக்கம் பண்ணத நாங்களே தோண்டி எடுத்துக்கிறோம்."

இறக்கினார். ஒன்றைக்கூடப் புதைத்திருக்கவில்லை. விலைச்சீட்டு ஒட்டி அடுத்த ஊர்ச் சந்தைக்கு அடுக்கி வைத்திருந்தார். அப்போதும் எங்கள் ஜனம் திட்டவில்லை. ஒரு அம்மாள், "இது கொஞ்சம் வித்தியாசமா இருக்குங்க" என்றாள். எங்கள் ஊரில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. காவல்காரர் வரும்வரை அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தவளும் அவளேதான்.

ஆர்வில் மட்டும் பெட்டிமுன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அப்ப வெர்னாவுக்கு என்மேல கோவம் இல்லியா மார்லிஸ்?"

"அம்பது வருசம் கூட இருந்தவள விட, வேனுல வந்தவன நம்பியிருக்க. இது தெரிஞ்சிருந்தா கோவப்பட்டிருப்பா."

கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு போனை எடுத்து அர்டிஸின் எண்ணைத் தேடினார். நாங்கள் எல்லோரும் மரியாதையாகக் காதை மட்டும் தீட்டிக்கொண்டோம்.

செல்லங்களே, வீட்டில் எது பூட்டிக்கொண்டாலும் முதலில் சாவியைத் தேடுங்கள், சாமியாரைத் தேடாதீர்கள். சாமியார் வந்துபோன பிறகுதான் பூட்டிக்கொண்டது என்றால், அவர் பையில் தேடுங்கள்.