நாட்டின் நலனுக்காக நான் வாங்கிய மெஷின்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காவும் நலம். அங்கு நீயும், நீ வேலை பார்க்கும் பத்திரிகையும், அதில் நீ வாராவாரம் எழுதும் பொருளாதாரப் பக்கமும் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். உன் அக்கா அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை விரும்புகிறாள்.

எல்லாம் அந்தப் பக்கத்தால் வந்தது. 'ஒரு நாடு ஆரோக்கியமாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமா? கடைக் கூட்டத்தைப் பார்க்காதீர்கள். தொழில் செய்கிறவன் புது மெஷின் வாங்குகிறானா, கொட்டகை கட்டுகிறானா என்று பாருங்கள். நாளைக்கு வியாபாரம் இருக்கும் என்று நம்புகிறவன்தான் இன்றைக்கு மெஷின் வாங்குவான்' என்று எழுதியிருந்தாய். அட்டைப்பெட்டிப் பட்டறையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாடு நோயில் கிடக்கிறது, நானோ கத்தியும் ஸ்கேலுமாக அட்டை வெட்டிக்கொண்டிருக்கிறேனே என்று நெஞ்சு பதறி, தானாக வெட்டித் தானாக மடிக்கும் பெரிய மெஷின் ஒன்றுக்குச் சொல்லிவிட்டேன். வாசலை அளந்தேன், மாப்பிள்ளை. சும்மா சொல்லக் கூடாது, மிகச் சரியாக அளந்தேன். மெஷினை அளக்கத்தான் மறந்துவிட்டேன். தெருப்பக்கச் சுவரை இடித்து உள்ளே கொண்டுவந்தோம். சுவர் இருந்த இடத்தில் இப்போது தார்ப்பாய் தொங்குகிறது. உன் அக்கா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

ஆர்டர் ஒன்றுகூட இல்லாததால் மெஷினைச் சும்மா ஓட்டிப் பார்த்தேன். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். எதிர்க்கடைத் தையல்காரர் ஓடி வந்தார்.

"என்னண்ணே, இவ்ளோ பெரிய மெஷினு? பெரிய ஆர்டரா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சிரித்து வைத்தேன்.

"சிரிக்கிறீங்களே தவிர வாயத் திறக்க மாட்டேங்கிறீங்க. உங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு" என்று போனவர், மறுவாரமே எம்பிராய்டரி மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். அதைப் பார்த்த பேக்கரிக்காரர், "ரெண்டு பேருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சே!" என்று புலம்பி, ஆள் உயர ஓவன் வாங்கினார். இந்த நேரம் பார்த்துத்தான் புள்ளிவிவர இலாகாவிலிருந்து ஒரு அம்மா கணக்கெடுக்க வந்தார். எழுதி எழுதி அவர் பேனாவில் மை தீர்ந்து, தையல்காரரிடம் இரவல் வாங்கி எழுதினார். போன ஞாயிறு நீ எழுதுகிறாய்: 'சிறுதொழில் முதலீடு துள்ளி எழுந்திருக்கிறது, நாட்டுக்கு நல்ல காலம்.' அடப்பாவி, அது நாங்கள்தான்! உன்னை நம்பி நான், என்னை நம்பி அவர்கள், எங்களை நம்பி நீ! தெருவே அதைச் சத்தமாக வாசித்துக் கை குலுக்கிக்கொண்டது. நானும் குலுக்கினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாதக் கடைசிக்குள் என்றால் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக அதை விற்றவர் சொல்கிறார். "அதை அனுப்பிட்டு மறுவேலை பாருங்க. இல்லேன்னா பட்டறைய இழுத்து மூடிட்டுத் தார்ப்பாய விக்கலாம்" என்கிறாள் உன் அக்கா. நியாயம்தான். ஆனால் மெஷின் தெரு வழியாகத்தானே போக வேண்டும்? தையல்காரர் பார்ப்பார், எம்பிராய்டரி மெஷினை அனுப்புவார். அதைப் பார்த்து ஓவனும் போகும். அந்த அம்மா மறுபடி வருவார். நீ 'நாடு படுத்துவிட்டது' என்று எழுதுவாய். ஒரு அட்டைப்பெட்டிக்காரனால் ஒரு நாடு படுக்கலாமா? ஆகவே, 'வாங்கிய மெஷினைத் திருப்பிக் கொடுப்பதும் ஆரோக்கியத்தின் அறிகுறியே' என்று இந்த ஞாயிறு நாலு வரி எழுதிவிடு. என் பட்டறை பிழைத்துக்கொள்ளும். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் குழந்தைகளுக்கு ஆசியையும் சொல்லவும். நீயும் உன் பேனாவும் தீர்க்காயுசாக இருக்கவும்.

இப்படிக்கு,
நாட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும்
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பேக்கரிக்காரர் வந்தார். புது ஓவனில் பிஸ்கட் மலையாகக் குவிகிறதாம், போட்டுக்கொடுக்கப் பெட்டி இல்லையாம். பின்னாலேயே தையல்காரர், எம்பிராய்டரி போட்ட சட்டைக்கெல்லாம் மூடியோடு பெட்டி வேண்டுமாம். ஒரு மெஷினால் ஆகிற காரியமா? உன் அக்கா மெஷின் விற்றவரைக் கூப்பிட்டு இன்னொன்றுக்கும் சொல்லிவிட்டாள். "ஆளாளுக்கு அடுத்தவனப் பாத்துப் பண்ணின தப்பு, எல்லாருமாச் சேந்து பண்ணினா சரியாப் போயிடுமா? என் தம்பியக் கேட்டு எழுதுங்க" என்கிறாள். ஆகையால் மேலே கேட்ட நாலு வரி வேண்டாம். அவளுக்குப் பதில் மட்டும் போடு. பத்திரிகையில் போட்டுவிடாதே, கடிதத்தில் போடு. இங்கே தெருவே படிக்கிறது.