கறி உருண்டைக்கு இரண்டு மாத முன்பணம்

சான்ட் ஜூலியா, அந்தோரா
ஜனவரி 21

என் தங்கை கொலோமா பெற்ற ஒரே செல்வமும், வலிக்காமல் ஊசி போடுவதில் ஸ்பெயினின் லேய்டா நகரிலேயே நிகரற்றவளுமான மருமகள் கனோலிக்குக்கு, முப்பத்தொரு வருஷம் பனி தள்ளும் வண்டி ஓட்டி, இந்த நாடு பனியில் புதைந்து காணாமல் போகாதபடி தனி ஆளாகக் காப்பாற்றிய உன் மாமா பர்த்துமேவ் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தை நேவுஸும் சுகம். உன் கணவன் ஓலெகரும் சுகமாகத்தான் இருப்பான். அவனுக்கென்ன, அங்கே நானூற்றைம்பது யூரோ வாடகையில் பால்கனி வைத்த வீட்டில் இருக்கிறான்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வராதே.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது மாமா, மார்ச் முதல் தேதி சேரணும், ஆனால் ஜனவரி முடிவதற்குள் அங்கேயே ஒரு வீட்டு ஒப்பந்தத்தைக் காட்டாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள், எப்படியாவது ஒரு வீடு பாருங்கள் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு உன் அத்தை அழுதாள், பிள்ளை ஊரோடு வரப்போகிறாள் என்று. நானும் அழுதேன், வீடு பார்க்கப் போகிறவன் நான் என்பதால். உன் மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருபது வருஷமாக உட்கார்ந்து, எங்கள் நாட்டில் வரியே கிடையாது, இருப்பதும் கொசு கடித்த மாதிரி என்று பீற்றிக்கொண்ட வாய் இதே வாய்தான், ஒப்புக்கொள்கிறேன். அத்தனையையும் வாபஸ் வாங்குகிறேன். அரசாங்கம் நம் சட்டைப்பையில் கை விடுவதில்லை என்பது உண்மை. அது தூங்கி எழுந்து வருவதற்குள் வீட்டுக்காரர் சட்டையையே கழற்றிக்கொண்டு போயிருப்பார், பிறகு எந்தப் பையில் கை விடுவது.

முதலில் பார்த்த வீடு ஆற்றோரம். வீடு என்றா சொன்னேன், மன்னித்துவிடு. அடுப்பின் கதவைத் திறந்தால் கட்டில் மடங்கும், கட்டிலை விரித்தால் வாசல் கதவு திறக்காது, ஆக உள்ளே படுத்தவன் பட்டினி கிடக்க வேண்டும், சமைத்தவன் நின்றுகொண்டே தூங்க வேண்டும். வாடகை ஆயிரத்து நானூறு. ஜன்னல் எங்கே என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். மலையைப் பார்க்கணும்னா வெளியே போய்ப் பாருங்க, அதுக்கு நான் காசு வாங்கறதில்ல என்றாள், ஏதோ தர்மம் செய்கிற முகத்தோடு. இரண்டாவது வீட்டில் நிஜமாகவே ஜன்னல் இருந்தது. ஆயிரத்து நூறு என்று பேசி முடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தும் விட்டேன். அப்போதுதான் ஸ்பெயினிலிருந்து வரிக்குப் பயந்து ஓடிவந்த ஒரு பையன், கேமரா முன்னால் உட்கார்ந்து கத்தியே கோடீஸ்வரன் ஆனவனாம், தலைமுடி பச்சை நிறத்தில், உள்ளே வந்து இரண்டாயிரத்து இருநூறு என்றான். குடியிருக்க அல்ல, அவனுடைய சுழல் நாற்காலியை வைப்பதற்கு. அவன் தூங்குவது மேல்மாடியில். நான் முறைத்ததைப் பார்த்து, "கோவிச்சுக்காதீங்க பெரியவரே, இங்க வந்ததுல எனக்கு வரி எவ்வளவு மிச்சம் தெரியுமா?" என்றான். "தெரியும் தம்பி, அந்த மிச்சத்துலதான் என் மருமக படுக்கவேண்டியது" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினேன். இன்றைக்கு அந்த நாற்காலிக்கு இந்த ஊரில் முகவரி இருக்கிறது, உனக்கு இல்லை.

சாப்பாட்டையாவது கேட்காமல் விடுவாயா. கடைவீதியில் விஸ்கி மலிவு, சிகரெட் மலிவு, வாசனைத் தண்ணீரில் குளிக்கலாம். உருளைக்கிழங்கு மட்டும் நகைக்கடை விலை. முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் மசித்து வதக்குகிற நம் ஏழைச் சாப்பாடு இருக்கிறதே, அதை இப்போது திருநாளுக்குத் திருநாள்தான் செய்கிறாள் உன் அத்தை. சனிக்கிழமை காலை எல்லைச் சாவடிக்கு வந்து பார். பெட்ரோல் போட ஸ்பெயின்காரர்கள் மேலே வருகிறார்கள், முட்டை வாங்க நாங்கள் கீழே போகிறோம். இரண்டு கார் வரிசைகளும் நடுவழியில் ஒன்றையொன்று பார்த்து, ஐயோ பாவம், ஏமாந்த ஜனங்கள் என்று தலையை ஆட்டிக்கொள்கின்றன.

இனி சொல்லப்போவதுதான் என் மானம் போன கதை. மீதியிருந்தது ஒரே வீடு, சதுக்கத்தின் பின்னால் கிளிமென்ட் வீட்டு இரண்டாம் மாடி. ஒன்பது மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஏழு முறை போய்க் கேட்டேன். ஏழு முறையும், பார்க்கலாம்ப்பா, விலை இன்னும் ஏறும் என்றான், பாலாடைக்கட்டி புளிக்கக் காத்திருப்பவன் மாதிரி. நேற்று செபஸ்தியார் திருநாள். உனக்குத் தெரியும், சதுக்கத்தில் விறகு மூட்டி, யானை விழுந்தாலும் நீந்தக்கூடிய கொப்பரைகளில் கறி உருண்டை, சாசேஜ், எலும்பு எல்லாம் போட்ட எஸ்கூதெல்லா சூப் கொதிக்கும், ஊரே வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவந்து இலவசமாக வாங்கிப் போகும், பெரிய கொப்பரையின் கரண்டி இருபத்தாறு வருஷமாக என் கையில். மூன்று வீடு வைத்திருக்கும் கிளிமென்ட் வந்தான், குழந்தையைக் குளிப்பாட்டுகிற அளவுக்கு ஒரு பாத்திரத்தோடு. வீடு என்னாச்சு என்றேன். பார்க்கலாம் என்றான். தெளிந்த தண்ணீராகப் பார்த்து ஒரே ஒரு கரண்டி ஊற்றினேன்.

பாத்திரத்துக்குள் தலையை விட்டுத் தேடினான். "என்னப்பா பர்த்துமேவ், ஒரு கறி உருண்டைகூட இல்லியே?"

"இருக்கு. உருண்டைக்கு ரெண்டு மாச முன்பணம்."

"சாசேஜ்?"

"அது தரகர் மூலமாத்தான். அப்புறம், கொப்பரையப் பாத்து நிக்கற இடத்துக்குத் தனி வாடகை."

"ஒரு எலும்பாவது போடுப்பா."

"நாய் வச்சிருக்கறவங்களுக்குக் குடுக்கறதில்ல."

வரிசை மொத்தமும் சிரித்தது. பாதிரியார் சிரிக்கவில்லை என்று சொல்கிறார்கள். ஆனால் அவர் கையிலிருந்த பாத்திரம் குலுங்கியதை நான் பார்த்தேன். கிளிமென்ட் முகம் பீட்ரூட் ஆகி வீட்டுக்குப் போனான். கால் மணி நேரத்தில் சூப்புக் குழுத் தலைவர் வந்து, புனிதர் பெயரால் கொடுக்கிற உணவில் பாரபட்சம் காட்டினாய் என்று என் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். இருபத்தாறு வருஷம், கனோலிக். பனிச்சரிவில் வண்டியோடு புதைந்தபோதுகூட எனக்குக் கண் கலங்கவில்லை.

ஆகவே உனக்கு வீடும் இல்லை, எனக்குக் கரண்டியும் இல்லை. வேலை வேண்டாம் என்று அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடு. அங்கேயே இரு, அரசாங்கம் கேட்கிற வரியை முத்தம் கொடுத்துக் கட்டு, பால்கனியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்னு. உன் அத்தை அழுதால் நான் சமாளித்துக்கொள்கிறேன். எப்படி என்றுதான் தெரியவில்லை. உனக்குப் பெயர் தந்த நம் ஊர்க் கனோலிக் மாதாவின் கருணை உன்மேலும், உன் பால்கனிமேலும், உன் வாடகை ஒப்பந்தத்தின்மேலும் நீங்காமல் இருக்கட்டும். ஓலெகருக்கு ஆசீர்வாதம், உன் மாமியாருக்கு வணக்கம். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டாதே.

இப்படிக்கு,
நிராயுதபாணியாக,
உன் மாமா பர்த்துமேவ்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் நம்பாதே. உறையை ஒட்டுகிற நேரத்தில் கிளிமென்ட்டின் மனைவி ரெமேய் வந்தாள். சண்டைக்குத்தான் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி என்கிறாள். அவனுக்கு ரத்தத்தில் கொழுப்பாம், டாக்டர் கறியே கூடாது என்று சொல்லி இரண்டு வருஷமாகிறதாம், திருநாளைச் சாக்கு வைத்து ஒரு தொட்டி நிறைய வாங்கிப்போய் ஒளித்துவைத்துத் தின்பானாம். "அவரு பாத்திரத்துல தண்ணிய மட்டும் ஊத்த இந்த ஊர்ல உங்க ஒருத்தருக்குத்தாண்ணே தைரியம் வந்துச்சு" என்றாள். அப்புறம்தான் தெரிந்தது, மூன்று வீடும் அவள் பெயரில். நான் ஏழு முறை கெஞ்சியது, பாவம், அவள் வீட்டில் குடியிருக்கிற ஒரு மனிதனிடம். இரண்டாம் மாடி உனக்குத்தான். எழுநூறு யூரோ, ஐந்து வருஷ ஒப்பந்தம், கையெழுத்து ஆகி இதோடு வைத்திருக்கிறேன், உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. ஒரே நிபந்தனை, வாரத்துக்கு இரண்டு தடவை கீழே இறங்கி அவனுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். கரண்டியும் திரும்பி வந்துவிட்டது. சூப்புக் குழுத் தலைவர் குடியிருப்பதும் அவள் வீட்டில்தான். உன் மாமியார் கேட்டால் இங்கே வரி கிடையாது என்று மட்டும் சொல். வரும்போது இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு கொண்டு வா. வரி கட்டுகிற ஊரில்தான் அது மலிவு.