இடியப்பம் அவித்தவரை டொக்டரிடம் காட்டிய கதை

சிகரெட் இல்லை, வெற்றிலை இல்லை, சீட்டாட்டம் இல்லை, தங்கமான பிள்ளை என்று சொல்லித்தான் எனக்குப் பெண் பேசினார்கள். என்னிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கத்தை விசாரிக்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அது என் ஃபோனுக்குள் இருந்தது.

ஃபேஸ்புக்கில் எங்கள் பக்கத்து ஊர்களுக்கென்று ஒரு சமையல் குழு இருந்தது. பெயர்தான் சமையல் குழு. உள்ளே சனம் உலகத்திலுள்ள எல்லாச் சந்தேகத்தையும் கேட்கும். பெயரை மறைத்தும் கேட்கலாம் என்று ஒரு வசதி வந்த பிறகு சொல்லவே வேண்டாம். ‘ரைஸ் குக்கருக்குள்ள முட்டை வெடிச்சா கரண்ட் அடிக்குமா?’ ‘மகள் பரீட்சை எழுதப் போற நாளையில பாவக்காய் ஆக்கலாமா?’ ‘எங்கட வீட்டுப் பூனை வெள்ளிக்கிழமை மட்டும் கத்துது, ஏன்?’ இப்படியான கேள்விகளைத் தேடிப் பிடித்து, கீழே நக்கலாக ஒரு வரி எழுதிவிட்டு, சிரிப்பு முகங்கள் விழுவதை எண்ணிக்கொண்டிருப்பது என் தொழில். (சம்பளம் தந்த தொழில் வேறு. கல்முனையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர்.) சொந்தப் பெயரில் எழுதுகிற அளவுக்குத் துணிச்சல் இல்லாததால் ‘கடற்கரை விமர்சகன்’ என்று ஒரு பெயர் வைத்திருந்தேன். பூனைக்காரிக்கு நான் எழுதிய பதில், ‘பூனைக்கு ஜும்ஆத் தொழுகை நேரம் தெரியிது, உங்களுக்குத்தான் தெரியல்ல’ என்பது. அன்று முழுக்க என் கால் நிலத்தில் படவில்லை.

இந்த நேரத்தில்தான் எனக்குக் கல்யாணம் முடிந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நானும் மருதமுனையில் உம்மாவின் வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாய்ந்தமருதில் மனைவி றிஸ்னாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மாமாவும் மாமியும் அதே வளவில், பின்கட்டில் இருந்தார்கள். சமையல் மாமியுடையது, பரிமாறுவது றிஸ்னா. மாமி என் முன்னால் வரமாட்டார். புது மருமகன் என்ற வெட்கம். கதவுத் திரைக்குப் பின்னால் நின்று, நான் என்ன தின்கிறேன், எவ்வளவு தின்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருப்பார். திரைக்குக் கீழே அவருடைய கால் தெரியும். நான் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே குனிந்து சாப்பிடுவேன். ஆறு மாதமாக எங்கள் உறவு இவ்வளவுதான்.

இப்போது உண்மையைச் சொல்ல வேண்டும். என் அலுவலகம் கல்முனையில். வடக்கே உம்மா, தெற்கே மனைவி. பின்னேரம் வேலை முடிந்ததும் பைக் தெற்கே திரும்ப வேண்டும். திரும்பாது. வடக்கேதான் போகும். உம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். மகனைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெறும் வீட்டில் இருக்கிற மனுசி. நான் போய் இருந்ததும் புட்டும் மீன் பொரியலும் வரும், பிறகு தேங்காய்ப்பால் ஆணம் வரும், பிறகு ‘இன்னும் கொஞ்சம்’ வரும். வேண்டாமென்றால் முகம் வாடிவிடும். மூக்குமுட்டத் தின்றுவிட்டு, இஷாத் தொழுகைக்குப் பிறகு மனைவி வீட்டில் போய் மறுபடி சாப்பாட்டுக் கோப்பைக்கு, அதாவது தட்டுக்கு, முன்னால் இருப்பேன். ஒரு டசின் இடியப்பம் தின்ன வேண்டிய வயதில் நாலோடு கையால் கோப்பையை மறைத்து “போதும்” என்பேன். உம்மா வீட்டில் தின்றுவிட்டு வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் மாமிக்கு மனம் நோகும் என்று நினைத்தேன். (என்னுடைய மூளை அவ்வளவுதான்.)

ஒரு நாள் மத்தியானம் அலுவலகத்தில் ஃபோனைத் திறந்தால், குழுவில் பெயர் சொல்லாத ஒருவரின் கேள்வி.

‘எனக்குத் தெரிஞ்ச ஒராளுட வீட்டில புதுசா மருமகன் வந்திரிக்கார். ராவைக்கு நாலு இடியப்பம்தான் தின்றார். அஞ்சாவது வெச்சா கையால மறைக்கார். இது நோயா? டொக்டர்ட்ட காட்டோணுமா, இல்ல கண்ணூறுக்கு ஓதிப் பாக்கோணுமா? தெரிஞ்சாக்கள் சொல்லுங்க.’

வாசித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் எழும்பி வந்தார். நாலு இடியப்பம், கோப்பையை மறைக்கிற கை, புது மருமகன். இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன அடையாளம் வேண்டும்? ஆனால் அடுத்தவன் முட்டாள் என்று முடிவெடுத்த பிறகு கண்ணாடிக்கு முன்னால் நின்றாலும் தன் முகம் தெரியாது போல. இரண்டு நிமிடம் யோசித்து எழுதினேன்:

‘நாலு தின்ற மருமகனுக்கு ஒரு நோயும் இல்ல. இடியப்பம் அவிச்ச ஆள டொக்டர்ட்ட காட்டுங்க.’

சிரிப்பு முகங்கள் மழை மாதிரிக் கொட்டின. அன்று இரவு றிஸ்னாவிடம் காட்டினேன். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “பாவம், அந்த மனிசி” என்றாள். பெற்ற தாயைத்தான் சொல்கிறாள் என்று அவளுக்கும் தெரியாது.

அடுத்த நாள் சிவப்பரிசி மா இடியப்பம் வந்தது. அதற்கடுத்த நாள் வெள்ளை மா. மூன்றாம் நாள் சொதி மாறியது, சம்பல் மாறியது. நான் நாலைத் தாண்டவில்லை. திரைக்குக் கீழே தெரிகிற கால் மட்டும் வழமையைவிட அதிக நேரம் நின்றது.

நாலாம் நாள் சனிக்கிழமை. மாமா அறுவடைக்கென்று சாகாமத்து வயலுக்குப் போய்விட்டார். றிஸ்னா வந்து, “இஞ்ச, உம்மாவ ஒருக்கா டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? எனக்கு வகுப்பு இரிக்கி. என்னத்துக்கெண்டு கேட்டா சொல்றாங்க இல்ல” என்றாள். பொறுப்பான மருமகன் என்று காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று ஆட்டோ பிடித்தேன். மாமி பின்னால், நான் முன்னால், ட்ரைவரின் பாதி ஆசனத்தில்.

டொக்டரின் அறைக்குள் போகும்போது மாமி திரும்பி, “மகன், நீங்களும் வாங்க” என்றார். அவர் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வசனம் அதுதான் என்று நினைக்கிறேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

“என்ன வருத்தம்?” என்றார் டொக்டர்.

“டொக்டர், என்ட நாக்கில ருசி செத்துட்டு போல. ஒருக்கா செக் பண்ணிப் பாருங்க.”

“சாப்பாடு ருசிக்குதில்லையா?”

“எனக்கு ருசிக்குது. மத்தாக்களுக்குத்தான் ருசிக்குதில்ல.”

டொக்டர் பேனாவை வைத்துவிட்டார். “மத்தாக்களுக்கு ருசிக்கல்ல எண்டதுக்கு நீங்க ஏன் வந்தீங்க?”

“ஃபேஸ்புக்கில ஒரு தம்பி சொன்னார். நான் ஒரு கேள்வி கேட்டிருந்தன். எல்லாரும் பல்லக் காட்டிட்டுப் போயிட்டாங்க. அந்தத் தம்பி மட்டும்தான் மினக்கெட்டு மறுமொழி எழுதினார், இடியப்பம் அவிச்ச ஆள டொக்டர்ட்ட காட்டச் சொல்லி. எனக்கும் சரியாத்தான் பட்டிச்சு. சீனி வருத்தம் வந்தா நாக்கு மரத்துப் போகும் எண்டு சொல்றாங்கதானே. ஆரு பெத்த புள்ளயோ, அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும்.”

அதுவரை நான் எண்ணிச் சேர்த்த சிரிப்பு முகங்கள் எல்லாம் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்ப்பது போலிருந்தது. இதுவரைக்கும் எனக்காக யாரும் அப்படி துஆ கேட்டதில்லை. கேட்டவர் என்னால் நோய்க்காரியாகி வந்து இருந்தார்.

“எங்க பாப்பம் அந்த மறுமொழிய” என்றார் டொக்டர்.

மாமியின் ஃபோன் வீட்டில் சார்ஜில். “மகன், உங்கட ஃபோனில எடுத்துக் காட்டுங்க.”

எடுத்தேன். ஃபோன் கை தவறி விழுந்தால் நல்லது என்று நினைத்தேன். விழவில்லை. டொக்டர் கேள்வியை வாசித்தார், பதிலை வாசித்தார். பிறகு கண் இன்னும் கீழே போனது. அங்கே ‘கடற்கரை விமர்சகன் என்ற பெயரில் கருத்து எழுதுங்கள்’ என்று, பதிலுக்கு மேலிருந்த அதே பெயர் இருந்தது. அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எந்தப் பார்மசியிலும் மருந்து கிடையாது.

“நீங்கதானா அந்த மருமகன்?”

“ஓம்.”

“ராவைக்கு வீட்ட வர முதல் வெளியில எங்கயும் தின்றீங்களா?”

“உம்மாட வீட்ட... கொஞ்சம் புட்டு.”

“கொஞ்சம் எண்டா?”

“ரெண்டு கோப்பை.”

மாமி என் பக்கம் திரும்பினார். டொக்டர் அவருக்குச் சொன்னார்: “உங்கட நாக்கு நல்ல சுகமா இரிக்கி. மருமகன்ட நாக்குக்குத்தான் வருத்தம். வாயத் திறந்து ஒரு உண்மையச் சொல்ல ஏலாத வருத்தம்.” பிறகு ஃபோனை என்னிடம் நீட்டி, குரலைத் தாழ்த்தினார். “மிச்சத்த நீங்களே சொல்லுங்க.”

வெளியே ஆட்டோவுக்குக் காத்து நின்றபோது சொன்னேன். றிஸ்னாவைவிட, உம்மாவைவிட, இந்த மனுசி என்னைப் பற்றி என்ன நினைக்கப் போகிறார் என்பதுதான் அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாக இருந்தது. அவருடைய வீட்டில், அவர் அவித்ததைத் தின்றுகொண்டு, ஊருக்கு முன்னால் அவரைப் பார்த்துச் சிரிக்க வைத்திருக்கிறேன். “மாமி, அந்தத் தம்பி நான்தான்” என்றேன்.

அவர் வீதியைப் பார்த்தபடியே சொன்னார்:

“உங்களுக்கிட்ட கேக்க வெக்கமாக் கிடந்திச்சு மகன். அதான் ஊருக்கிட்ட கேட்டன். ஊருக்குள்ள நீங்களும் இருந்திரிக்கீங்க.”

நான் ஃபோனைச் சட்டைப் பைக்குள் தள்ளினேன்.

“ஒண்ட மட்டும் சொல்லுங்க. என்ட இடியப்பம் நல்லமா, இல்லையா?”

“நல்லம் மாமி. வல்லாஹி நல்லம்.”

“அப்ப அத அங்க எழுதுங்க.”

ஆட்டோவிலேயே எழுதினேன்: ‘இடியப்பம் நல்லம். அவிச்ச ஆளுக்கு ஒரு வருத்தமும் இல்ல, டொக்டர் பாத்துட்டார். மருமகன் உம்மா வீட்டில புட்டு திண்டுட்டு வாறவன். பதில் எழுதினவனும் அவன்தான். மன்னிச்சிக்கங்க.’ மன்னிப்புக்குச் சிரிப்பு முகம் விழாது என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டே இரண்டு லைக். ஒன்று றிஸ்னா, மற்றது மாமி.

அதற்குப் பிறகு அந்தக் குழுவைப் பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை. ஒருவர் முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஒரு விசயத்தைக் கேட்கிறார் என்றால், கேட்க வேண்டிய ஆள் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கிறார், அவரிடம் கேட்க முடியவில்லை என்றுதான் அர்த்தம். பாவக்காய்க் கேள்வி கேட்ட தாய்க்கு மகளின் பரீட்சையை நினைத்து நெஞ்சிடி. பூனைக் கேள்விக்குக்கூட ஒரு சரியான பதில் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பக்கம் வள்ளம் கடலுக்குப் போகாது. மீன் வராது, மீன் கழிவு வராது, பூனை பசியில் கத்துகிறது. கடலோரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் நக்கல்தான் முந்திக்கொண்டு வந்தது. தேடிப் போய், பூனைக்காரிக்கு அதை எழுதினேன். ‘ஜஸாக்கல்லாஹ் தம்பி, வியாழக்கிழமை கொஞ்சம் மீன் எடுத்து வெக்கிறன்’ என்று பதில் வந்தது. அன்றைக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது, ஆனால் இந்தச் சந்தோசத்தை யாரிடமும் காட்டத் தோன்றவில்லை.

வீட்டில் நடந்தது இதைவிடப் பெரிது. அடுத்த நாளே மாமி உம்மாவுக்கு ஃபோன் எடுத்துவிட்டார். சண்டை வரப்போகிறது என்று நான் நடுங்கிக்கொண்டிருக்க, இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். கடைசியில் ஒப்பந்தம் ஆனது. பின்னேரம் உம்மாவிடம் போவதை நிறுத்தக் கூடாது, அது மாமியின் கட்டளை. நான் அங்கிருந்து புறப்பட்டதும் உம்மா ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்புவார்: “மதினி, இண்டைக்கு ஒண்டரைக் கோப்பை. அங்க ரெண்டு இடியப்பம் வெச்சாப் போதும்.” இலங்கையில் ஒளித்துச் சாப்பிட முடியாத ஒரே ஆண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

மாமி திரையை விட்டு வெளியே வந்தார். இப்போது கேட்க நினைப்பதை முகத்துக்கு நேரே கேட்பார். மழை வருமா, ஃபோனில் இது என்ன எழுத்து, கத்தரிக்காய் ஏன் கறுக்கிறது, எல்லாம். அலுவலகத்துக்கும் ஃபோன் வரும். வீட்டில் எனக்கு ‘டொக்டர்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. மாமாவும் அப்படித்தான் கூப்பிடுகிறார். விசயம் தெரியாத ஒரு பக்கத்து வீட்டுக்காரர் நெஞ்சுவலியென்று ஒரு நாள் வாசலுக்கு வந்தும்விட்டார்.

போன வருடம் றிஸ்னாவின் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. புது மாப்பிள்ளை நிந்தவூர்ப் பிள்ளை, வெட்கத்தில் என்னை மிஞ்சியவர். முதல் கிழமையில் ஓர் இரவு எல்லோரும் கூடியிருந்து சாப்பிடும்போது, மூன்றாவது இடியப்பத்தோடு அவருடைய கை மெல்ல வந்து கோப்பையை மறைத்தது.

மாமி அவருக்கு நேரே வந்து நின்றார். “மகன், உம்மாட வீட்டில திண்டுட்டா வந்தீங்க?”

பிள்ளை திகைத்துப் போனார். “இ... இல்ல மாமி.”

“திண்டிருந்தா சொல்லுங்க, குத்தமில்ல. சொல்ல வெக்கமெண்டா பரவால்ல, நான் ஃபேஸ்புக்கில கேக்கிறன். எங்கட டொக்டர் மறுமொழி எழுதுவார்.”

வீடே வெடித்துச் சிரித்தது. மாமா புரைக்கேறித் தண்ணீர் தேடினார். றிஸ்னா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளை மட்டும் ஒன்றும் விளங்காமல் எல்லோர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் என் பக்கம் சாய்ந்து, அண்ணன் முறை வைத்து மெதுவாகக் கேட்டார்: “காக்கா, என்னத்துக்கு எல்லாரும் சிரிக்காங்க?”

அவரைச் சிரித்து மழுப்பிவிட ஒரு வரி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, அவரைப் பக்கத்தில் இருத்தி, ஒன்றையும் மறைக்காமல் முதலிலிருந்து சொன்னேன்.