ஒரு ஆளுக்கு எவ்வளவு உப்பு?

“உப்பு எவ்வளவு என்று போடவில்லையே? ஒரு ஆளுக்கு எவ்வளவு?”

வத்தக்குழம்புக் குறிப்பை வலைப்பூவில் ஏற்றிவிட்டு, யார் யார் பாராட்டியிருக்கிறார்கள் என்று ஆசையாகத் திறந்து பார்த்த வனஜாவுக்கு இந்த ஒரே ஒரு பின்னூட்டம்தான் காத்திருந்தது. பெயர் போட வேண்டிய இடத்தில், பெயர் சொல்லாத எல்லாருக்கும் பொதுவான ‘அனானி’ என்றிருந்தது.

வனஜா முகத்தைச் சுளித்தாள். உப்புக்கெல்லாம் ஒரு கணக்கா? ‘ருசிக்கேற்ப’ என்று ஒரே சொல்லில் பதில் போட்டாள்.

மறுநாள் அடுத்தது வந்தது. “என் ருசிக்கா, உங்கள் ருசிக்கா?”

அதற்குக் கீழே சிங்கப்பூர் வாசகி ஒருத்தி, விழுந்து விழுந்து சிரிக்கும் மஞ்சள் மூஞ்சி ஒன்றைப் போட்டிருந்தாள். வனஜாவுக்குச் சுருக்கென்றது.

அது 2007. கணவன் சீனிவாசனுக்கு ஜெர்மனியில், எசன் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை. கூட வந்த மனைவி வேலை பார்க்க விசாவில் இடமில்லை. காலையில் அவன் டிராம் ஏறிப் போனால் சாயங்காலம்வரை வீட்டில் அவளும் ஜன்னலுக்கு வெளியே தூறலும்தான். ஜெர்மன் மொழியில் எசன் என்றாலே சாப்பாடு என்று மொழி வகுப்பின் முதல் நாளில் தெரிந்துகொண்டவள், ஊரே தன் கட்சி என்று மகிழ்ந்துபோய் ‘எசன் அடுப்படி’ என்று ஒரு வலைப்பூ தொடங்கினாள். திங்கள், புதன், வெள்ளி சமையல். சனிக்கிழமை கைவேலை. மொத்தம் நாற்பது வாசகர்கள். அந்த நாற்பது பேர் முன்னால் தோற்றுப்போவதாவது!

கடைக்குப் போய் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு வாங்கி வந்தாள். குழம்பை மறுபடி வைத்து, ஒரு ஆளுக்கு உப்பு நாலரை கிராம் என்று எழுதினாள்.

“என்னிடம் தராசு இல்லை. ஸ்பூன் கணக்கில் சொல்லவும்.”

ஒரு ஸ்பூன் என்று எழுதினாள்.

“எந்த ஸ்பூன்?”

பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பூனைப் படமெடுத்துப் போட்டாள். அளவு தெரிவதற்குப் பக்கத்தில் ஒரு யூரோ நாணயத்தையும் வைத்தாள்.

“அந்த நாணயம் எங்கள் ஊரில் இல்லை. உத்தேசமாக எத்தனை விரல் நீளம்?”

இப்போது சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள் ஒன்பது.

சனிக்கிழமையாவது நிம்மதியாக விட்டாரா அந்த அனானி? மூன்று வாரம் கண் வலிக்க வலிக்கத் தலையணை உறையில் மயில் ஒன்றைக் கிராஸ் ஸ்டிட்ச் போட்டிருந்தாள் வனஜா. படம் ஏறிய மறுநாள் பின்னூட்டம் வந்தது. “யானை மிக நன்றாக வந்திருக்கிறது. வாழ்த்துகள்.” அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லாருக்கும் அது யானையாகவே தெரிய ஆரம்பித்தது. “தும்பிக்கை மட்டும் கொஞ்சம் நீளமோ?” என்று மலேசியாவிலிருந்து ஒரு அம்மாள் கேட்டாள்.

“எனக்கும் ஒரு பக்கமாப் பாத்தா...” என்று ஆரம்பித்த சீனிவாசனுக்கு அன்று ராத்திரி தயிர்சாதம்தான் கிடைத்தது.

“ஒரு கவுண்டர் இருக்கு வனஜா. பிளாக்ல போட்டா யார் எந்த ஊர்லேர்ந்து வர்றாங்கன்னு காட்டிடும். இந்த வீக்எண்ட் போட்டுத் தரேன்” என்று சமாதானம் சொன்னான் அவன். அப்படிச் சொல்லி எத்தனையோ வீக்எண்ட் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடமும் புலம்பித் தீர்த்தாள். அம்மா காலமான பிறகு அப்பா சென்னை அண்ணா நகரில் அண்ணன் வீட்டில் இருந்தார். கேட்டதற்கெல்லாம் “எனக்கென்னம்மா, உன் அண்ணி ராஜா மாதிரி வெச்சிருக்கா” என்பார். அண்ணியிடம் பேச வேண்டும் என்றால் அவள் எப்போதும் கடைக்கோ கோயிலுக்கோ போயிருப்பாள்.

“எவனோ வேலை வெட்டி இல்லாதவன்ப்பா. என்னை அவமானப்படுத்தணும்னே உக்காந்திருக்கான்.”

“தெரியாமக் கேட்டிருப்பாங்க. விடும்மா” என்றார் அப்பா.

அடுத்ததாக மேல்மாடிக் குமுதினி அக்காவிடம் போய் முறையிட்டாள். குமுதினி யாழ்ப்பாணத்துக்காரர். வனஜா வந்திறங்கிய புதிதில் டாக்டர், நகராட்சி, பாங்க் என்று நேரம் குறித்துப் போகிற எல்லா ‘டெர்மினு’க்கும் கூடவே வந்து, வனஜாவுக்காக ஜெர்மனில் வாதாடியவர். இந்தக் கட்டடத்தில் வனஜா மணி அடிக்காமல் நுழையக்கூடிய ஒரே வீடு அவருடையது.

“உப்பு எவ்வளவெண்டு கேக்கிறதில என்ன பிழை வனஜா?” என்றார் குமுதினி, இடியப்ப மாவைக் குழைத்தபடி. “எனக்கும் உங்கட குறிப்பில உப்பு விளங்கிறேல்லைதான். உங்களுக்கு எல்லாத்திலயும் ஒரு அவசரம்.”

வனஜா விடுவிடுவென்று இறங்கி வந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்தால் புதிய பின்னூட்டம். “தொந்தரவுக்கு மன்னிக்கவும். அடுப்பைக் குறைத்து வைத்தால் நல்லது என்று நினைக்கிறேன். எதிலும் அவசரம் வேண்டாம்.”

அவசரம்! நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள் வனஜா. அதே வார்த்தை. அதே குற்றச்சாட்டு. குறிப்புகளைப் படிக்கிறேன் என்று வேறு வாயாலேயே ஒத்துக்கொண்டாயிற்று.

“குமுதினி அக்காவா? யூரோ எங்க ஊர்ல இல்லைன்னு எழுதியிருக்கே?” என்றான் சீனிவாசன்.

“அதான் தந்திரம். ‘எங்க ஊர்’னா யாழ்ப்பாணம்.”

“இருபது வருஷமா இங்க இருக்காங்க வனஜா.”

“நீங்க பேசாம இருங்க.”

ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். அதை நினைத்துப் பிறகு பல வருடங்கள் தலையணையில் முகம் புதைத்திருக்கிறாள். அப்போது என்னவோ அதைவிடக் கெட்டிக்காரத்தனம் உலகத்தில் இல்லை என்று தோன்றியது. புதன்கிழமை வெந்தயக் குழம்புக் குறிப்பு போட்டாள். வெந்தயம் அரை ஸ்பூன் என்று இருக்க வேண்டிய இடத்தில், நன்றாக யோசித்து, ஆறு ஸ்பூன் என்று எழுதினாள். செய்து பார்க்கிறவர்களுக்குக் கசக்கும். கசந்தால் அனானி வலைப்பூவிலும் குமுதினி மாடியிலும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்?

மற்ற வாசகர்களை நினைத்து முதலில் கொஞ்சம் தயங்கினாள். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் ஆறு பேர், “சூப்பர்! செய்து பார்த்தேன், வீட்டில் எல்லாருக்கும் ரொம்பப் பிடித்தது” என்று எழுதிவிட்டார்கள். இத்தனை மாதமாகத் தன் சமையலை யாருமே செய்து பார்த்ததில்லை என்று வனஜாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை காலை அனானி வந்தார்.

“செய்தேன். மிகவும் கசந்தது. சாப்பிட முடியவில்லை. என் கைப்பிழையாகத்தான் இருக்கும். மறுபடி செய்து பார்க்கிறேன்.”

“சிக்கியாச்சு!” என்று கைதட்டினாள் வனஜா.

அன்று மத்தியானம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தமிழ்க் குடும்பங்களின் ஒன்றுகூடல். குமுதினியின் கணவர் விஜயரத்தினம் பெரிய பானை ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“வனஜா பிள்ளை, இது உங்கட குழம்பு! என்ட மனிசி விடிய எழும்பி நாப்பது பேருக்குச் செய்தவ. ‘எங்கட வீட்டுக்குக் கீழ இருக்கிற பிள்ளை எழுதினது’ எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறா.”

வனஜா மனதுக்குள் ஆறு ஸ்பூனை நாற்பது பேருக்குப் பெருக்கிப் பார்த்தாள்.

தமிழ்ச் சங்கத் தலைவர் மகேந்திரராஜாதான் முதலில் சாப்பிட்டார். முதல் கவளத்தை வாயில் வைத்தவர், விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் சுவரில் மாட்டியிருந்த ஐரோப்பிய வரைபடத்தை வெகுநேரம் ஆராய்ந்தார்.

“வித்தியாசமான குழம்பு. சலரோகம், சீனி வருத்தம் உள்ள ஆக்களுக்கு நல்லமாக்கும்” என்றார் கடைசியில்.

அப்புறம் மண்டபம் முழுக்கத் தண்ணீர் கேட்டார்கள். குழந்தைகள் ஓவென்று அழுதன. குமுதினி தானும் ஒரு கரண்டி வாயில் வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

உலகத்திலேயே அந்தக் குழம்பைச் செய்தவர்கள் இரண்டு பேர், ஒன்று அனானி, இன்னொன்று குமுதினி. இரண்டும் ஒருவரேதான் என்று வனஜா முடிவு கட்டிவிட்டாள். அவளுக்குள் இருந்த பயம்தான் கோபமாக மாறி வெளியே வந்ததோ என்னவோ!

“இனிமேலும் நடிக்க வேணாம் அக்கா. அந்த அனானி நீங்கதான்னு எனக்குத் தெரியும்.”

“அனானியோ? அது ஆர்?”

“என் பிளாக்ல பேர் போடாம எழுதறது. என் மேல பொறாமை இருந்தா நேரா சொல்லியிருக்கலாமே. இத்தனை பேர் முன்னாடி என் பேரைக் கெடுக்கணும்னுதானே இதைச் செஞ்சு கொண்டுவந்தீங்க?”

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குமுதினி கையிலிருந்த கரண்டியை மெதுவாக மேசையில் வைத்தார்.

“என்ட வீட்டில கம்ப்யூட்டரே இல்லை வனஜா. என்ட மகள் கவிசா பள்ளிக்கூடத்தில பிரிண்ட் எடுத்து வந்து தாறவள், அதைத்தான் படிக்கிறனான்.” அவர் குரல் உயரவே இல்லை. “ஆறு தேக்கரண்டி வெந்தயம் எண்டதைப் பாத்த உடன எனக்குப் பிழையெண்டு தெரியும். ஆனா நீங்கள் எழுதினா சரியாத்தான் இருக்குமெண்டு நம்பிப் போட்டன்.”

அப்போதாவது ‘நான் வேண்டுமென்றேதான் எழுதினேன் அக்கா’ என்று சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. வாய்வரைக்கும் வந்தது. சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

மறுநாள், குமுதினி இரவல் வாங்கிப்போயிருந்த வனஜாவின் இட்லிப் பாத்திரம் துலக்கித் துடைத்து அவள் வீட்டு வாசலில் வைக்கப்பட்டிருந்தது. யாரும் மணி அடிக்கவில்லை. அவள் ரவா லட்டு பிடித்து எடுத்துக்கொண்டு மேலே போனாள். வாழ்க்கையில் முதல் முறையாக அந்த வீட்டுக் கதவில் மணி அடித்தாள். விஜயரத்தினம் பாதிக் கதவைத் திறந்தார்.

“அவ படுத்திருக்கிறா பிள்ளை. இப்ப எழும்ப ஏலாது.”

உள்ளே தேங்காய் திருவும் சத்தம் கேட்டது. வனஜா லட்டோடு இறங்கி வந்தாள். அதற்குப் பிறகு குமுதினி மாடிப்படியில் எதிரே வந்தால், ஜெர்மன்காரர்களுக்குச் சொல்வதுபோல “ஹலோ” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குச் சண்டை போட்டிருந்தாலே தேவலை.

திங்கட்கிழமை அனானியிடமிருந்து இன்னொன்று வந்தது. “மறுபடி செய்தேன். மறுபடி கசக்கிறது. வெந்தயம் ஆறு ஸ்பூன் சரிதானா? நேரம் இருந்தால் சொல்லவும்.”

“எல்லாம் உன்னாலதான்!” என்று வனஜா திரையைப் பார்த்துக் கத்தினாள். பதில் எழுதவில்லை. குறிப்பைத் திருத்தவும் இல்லை. வலைப்பூவையே யாரும் பார்க்க முடியாதபடி பூட்டினாள். தராசைப் பெட்டியில் போட்டுப் பரணுக்கு அனுப்பினாள்.

“இப்ப கவுண்டர் போடட்டுமா?” என்று அந்த வாரம்தான் சீனிவாசனுக்கு ஞாபகம் வந்தது. அவள் பார்த்த பார்வையில் அவன் துணி காயப்போடப் போய்விட்டான்.

அழுவதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவின் செல்போனுக்கு அடித்தாள். யாரோ ஒரு பெண் எடுத்தாள்.

“ஹலோ, ஐயாவோட சொந்தக்காரங்களா? போனை எங்க கடையிலயே மறந்து வெச்சிட்டுப் போயிட்டாருங்க.”

“எந்தக் கடை?”

“பிரவுசிங் சென்டருங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல.”

“அண்ணா நகர் பஸ் ஸ்டாண்டா?”

“அண்ணா நகரா? இது திண்டுக்கல்லுங்க.”

வனஜா எண்ணை இன்னொரு தடவை பார்த்தாள். சரியான எண்தான். அம்மா போனதோடு பூட்டிவிட்டு வந்த வீடு அல்லவா திண்டுக்கல்லில் இருக்கிறது? அப்பா எப்போது அங்கே போனார்?

“அவருக்கு பிரவுசிங் சென்டர்ல என்னங்க வேலை?”

“ரெண்டு மாசமா தினம் வர்றாருங்க. ஏதோ சமையல் பக்கம். என்னையப் படிக்கச் சொல்லி நோட்டுல எழுதிக்குவாரு. அவருக்குக் கண்ணுல பொரை, படம்லாம் சரியாத் தெரியாது. சந்தேகம்னா அவரு சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். ஒரு வாரமா அந்தப் பக்கம் தொறக்கவே மாட்டேங்குது. இன்னைக்கும் ரெண்டு மணி நேரம் ஒக்காந்து பாத்துட்டுப் போனாரு, பாவம்.”

வனஜா தான் பூட்டிவைத்த வலைப்பூ இருந்த கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஒரு... ஒரு பேராவது போட்டுக் கேட்டிருக்கலாமே?”

“நானும் அதைத்தான் சொன்னேங்க” என்று சிரித்தாள் அந்தப் பெண். “‘வேணாம் தாயி, நான் தனியாப் பொங்கித் திங்கறது தெரிஞ்சா எம் பொண்ணு அழுவும்’னுட்டாரு.”