எங்கள் ஒழுங்கையும் சங்கத்துப் புத்தகமும்

வெகுதானிய வருஷம் ஐப்பசி மாதம் 19-ந் திகதி

அநுராதபுரம் புகையிரத நிலையத்தில் கிளாக்கராக இருக்கும் என் மருமகன் சோமசேகரம் அவர்களுக்கு மாமன் தம்பிஐயா எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் மாமி பூரணமும் காலில் சேறும் மனதில் விசாரமும் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். உங்களுடைய சுகத்தையும் மகள் அருந்ததியின் சுகத்தையும் அறிய ஆவல். போன மாதம் ரயில் கார்ட் கையில் கொடுத்துவிட்ட மரவள்ளிக் கிழங்கு வந்து சேர்ந்ததா, நன்றாக அவிந்ததா என்று நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை.

உங்கள் கடிதம் கிடைத்தது. அருந்ததிக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, டாக்குத்தரின் கார் வீட்டு வாசல் படலை வரைக்கும் வரும் என்று நான் எழுதினால்தான் பிள்ளைப்பேற்றுக்கு இங்கே அனுப்புவேன், இல்லையென்றால் அங்கேயே ஆசுபத்திரியில் வைத்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தீர்கள். உங்களில் நான் பிழை சொல்லமாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் கார்த்திகையில், டாக்குத்தர் காரைப் பெரிய தெருவில், எங்கள் ஒடுங்கிய ஒழுங்கையின் முகப்பில் விட்டுவிட்டு, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றுக்குள்ளால் நடந்து வந்து சேர்ந்தபோது, பேரன் பிறந்தும் விட்டான், போயும் விட்டான். மாமி பிள்ளையைத் தாலாட்ட ஏணை கட்டவென்று மடித்து வைத்த சீலை இன்னும் அலுமாரியில் அப்படியே கிடக்கிறது. நானும் அவவும் அந்தத் தட்டைத் திறப்பதில்லை.

ஆனால் நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை என்பதை நீங்கள் அறியவேண்டும். நொத்தாரிசிடம் முப்பது வருஷம் எழுத்து வேலை பார்த்தவன் நான். என் பெட்டிசத்தை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்த துரைமார் உண்டு. இந்த ஒரு வருஷத்தில் ஒழுங்கையைக் கல்லுப் போட்டுத் திருத்தச் சொல்லி எங்கள் கிராமச் சங்கத்துக்குப் பதினொரு பெட்டிசம் எழுதினேன். பங்குனியில் தெரு வேலை பார்க்கிற ஓவசியர் வந்தார், குனிந்து பார்த்தார், இப்போது காய்ந்து கிடக்கிறது, மழை பெய்தால்தான் குழி கிடங்கின் ஆழம் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த மாதம் மழை பெய்தது, ஓடிப்போய்க் கூட்டிவந்தேன், தண்ணீர் நிற்கிறது, வற்றினால்தான் அளக்கலாம் என்றார். சொல்லிக்கொண்டே ஒரு அடி எடுத்து வைத்தவர் முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டார். இப்ப அளந்திட்டியளோ எண்டு மரியாதையாய்த்தான் கேட்டன், அந்தாளுக்குக் கோபம் வந்திட்டுது. மயிலிட்டியில் இருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவன் ஒழுங்கைக்குள் இறங்கமாட்டேன் என்று முகப்பில் நின்று கூவுகிறான், மாமி சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர முன் பாரை மீன் எல்லாம் முடிந்து பொடிச் சூடைதான் மிச்சம். நடுவே ஆவணியில் சங்கம் இரண்டு வண்டில் கல்லைக் கொண்டுவந்து முகப்பில் கொட்டியது. நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். மூன்றாம் நாள் அதே வண்டில்காரன் வந்து அதே கல்லை அள்ளிக்கொண்டு போனான். ஏன் என்று கேட்டேன்.

"உந்த ஒழுங்கை வேலையை நிப்பாட்டி வைக்கச் சொல்லிப் புத்தகத்திலை எழுதிக் கிடக்காம், ஐயா" என்றான்.

எந்தப் புத்தகம், யார் எழுதியது, அதுதான் என் கேள்வி. சங்கத்துக்குத் தலைவரான அக்கிராசனர் மார்க்கண்டுவிடம் போய்ப் புத்தகத்தைக் காட்டச் சொன்னேன். மனிசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அதை விடுங்கோ அண்ணை, பாராமல் இருக்கிறதுதான் நல்லது" என்றார். பாருங்கள் மருமகன், கள்ளம் இல்லாதவன் ஏன் ஒளிக்கிறான்? எந்தத் தெரு ஏன் திருத்தாமல் கிடக்கிறது என்று சனத்துக்குச் சொல்லாத சங்கம் என்ன சங்கம்? வீடு வீடாக ஏறி நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கினேன். நாளைக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் புத்தகத்தை வாசிக்கப்போகிறார்கள். மார்க்கண்டுவின் முகத்தில் ஈயாடாது. பிறகு ஒரு மாதத்துக்குள் கல்லு விழும், கார் வரும். ஆகையால் அருந்ததியைத் தைரியமாக ரயில் ஏற்றுங்கள், கொக்குவில் ஸ்டேஷனில் வண்டிலோடு நானே நிற்பேன்.

நல்லூர்க் கந்தன் உங்கள் இரண்டு பேருக்கும், வரப்போகிற சின்ன ஆளுக்கும் பக்கத்திலேயே நிற்கட்டும். மாமி கேட்டதாக எழுதச் சொன்னா.

இப்படிக்கு,
உங்கள் மாமன்
வே. தம்பிஐயா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்ட முன் கூட்டத்துக்குப் போய் வந்துவிட்டேன். மண்டபம் நிறையச் சனம். சங்கத்துக் கிளாக்கர் புத்தகத்தை விரித்து எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன்னமே கல்லுப் போடச் சங்கம் முடிவு செய்து, இரண்டு பக்கத்தாரும் வேலியை ஒரு முழம் உள்ளே எடுக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறது. கிழக்குப் பக்கத்தார் சம்மதம். மேற்குப் பக்கத்துக் காணிக்காரர், தன் உயிர் உள்ள மட்டும் வேலியில் நட்ட ஒரு கதியாலும் அசையாது, தொட்டால் கோட்டில் வழக்கு வைப்பேன் என்று பெட்டிசம் எழுதியிருக்கிறார். அதனால் வருஷா வருஷம் வேலை ஒத்திவைப்பு. பெட்டிசத்தையும் வாசித்தார். நல்ல நடை. பாதி வாசிக்க முன்னமே அது யாருடைய நடை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேற்குப் பக்கத்துக் காணி எங்களுடையது.

ஒருத்தரும் சிரிக்கவில்லை, மருமகன். சிரித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். மார்க்கண்டு என்னைப் பாராமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்தப் பெட்டிசத்துக்குப் பிறகும் வேலி அடைக்கிற நேரமெல்லாம், ஊரில் எல்லாரும் செய்வதுதானே என்று, கதியாலை நாலு விரல் ஒழுங்கைக்குள் தள்ளி நட்டவன் நான். வீட்டுக்கு வந்து ஒழுங்கையின் அகலத்தைக் கயிறு பிடித்து அளந்தேன். கிடங்கு இல்லாவிட்டாலும் கார் உள்ளே வந்திராது. மாமியிடம் சொன்னேன்.

"அண்டைக்கு டாக்குத்தர் நடந்து வரேக்குள்ளை உங்களுக்கு உது ஞாபகம் வரேல்லையோ?" என்று மட்டும் கேட்டா.

வரேல்லை எண்டன். உண்மையாய் வரேல்லை.

வேலியைப் பிடுங்கத் தொடங்கிவிட்டேன். கிளுவைக் கதியால் நன்றாக வேரோடிக் கிடக்கிறது, இரும்பு அலவாங்கு போட்டுத்தான் கிளப்பவேண்டியிருக்கிறது. பாதி முடிந்தது. ஆனாலும் அருந்ததியை அனுப்புங்கோ என்று மேலே எழுதியதை வெட்டிவிடுங்கள். அங்கேயே ஆசுபத்திரியில் வைத்திருங்கள், நாங்கள் இரண்டு பேரும் ரயிலில் வந்து பார்க்கிறோம். வேலியைத் தள்ளித் தள்ளிப் பிடித்த அந்தத் துண்டு நிலத்தில் நான் வேறொன்றும் செய்யவில்லை, மரவள்ளிதான் நட்டிருந்தேன். உங்களுக்கு அனுப்பிய கிழங்கு அதில் விளைந்தது. அருந்ததிக்குச் சொல்லவேண்டாம், பிள்ளை ஆசையாய்ச் சாப்பிட்டிருப்பாள்.