நசாரியோவின் கடைவாயில் ஒரு குழந்தை

பொம்மை நசாரியோவின் கடைவாய்ப் பல்லில் நறுக்கென்று இடித்த அதே நேரத்தில்தான் வில்மர் மேசையைத் தட்டினான்.

"யாருக்குடா வந்துச்சு? மரியாதையா எடுத்து வெளியில வைங்க!"

நசாரியோ பொம்மையை நாக்கால் ஒரு தள்ளு தள்ளிக் கன்னத்தோரம் ஒதுக்கிக்கொண்டான்.

சுண்டுவிரல் நுனி அளவு பிளாஸ்டிக் குழந்தை இயேசு. ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் பண்டிகைக்கு வெட்டும் ரோஸ்கா ரொட்டிக்குள் அதை ஒளித்து வைத்துச் சுடுவார்கள். யார் துண்டில் குழந்தை வருகிறதோ, அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி அத்தனை பேருக்கும் தமாலே செய்து போட வேண்டும். சோள மாவைப் பிசைந்து, உள்ளே கறி வைத்து, சோளத் தோலில் மடித்து, அண்டா அண்டாவாக ஆவியில் வேகவைக்கிற வேலை. மெக்சிகோக்காரன் வருமான வரியில் கூட கொஞ்சம் முன்னே பின்னே இருப்பான். இந்த விஷயத்தில் வாக்கு மாற மாட்டான்.

நசாரியோவும் மெக்சிகோக்காரன்தான். ஆனால் அவனுக்குத் தமாலே செய்யத் தெரியாது. தெரியாமல் இருப்பது ஒன்றும் கொலைக்குற்றம் இல்லை. மூன்று வருடமாக அவன் விட்ட கதைதான் குற்றம். "எங்கம்மா கைத் தமாலே ஒண்ணு சாப்பிட்டீங்கன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் வேற தமாலே இறங்காது. மாவு பிசைஞ்சு பிசைஞ்சுதான் எனக்கு இந்தக் கை!" என்று இல்லாத புஜத்தைக் காட்டி அளந்திருக்கிறான். உண்மையில் அவன் சாக்ரமெண்டோ பக்கத்தில் பெட்டிப் பீட்சா தின்று வளர்ந்த பிள்ளை.

அது மட்டுமா? அவன்தான் இந்தக் காசாவின், அதாவது இந்த வீட்டின், பெரியண்ணன். கல்லூரி வளாகத்தின் ஓரத்தில் இருந்த அந்தப் பழைய மஞ்சள் வீட்டை லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவர்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் பயந்து போய் வந்து நிற்கும்போது, காபி கொடுத்து, "பயப்படாதே, நாங்க இருக்கோம்" என்று சொல்லுவதற்கு ஒரு மூத்த மாணவனை வைத்திருந்தார்கள். அந்தப் பதவி நசாரியோவுக்கு. முதல் வருடத்தில் அவனே மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பியவன்தான். இந்த வீட்டின் இரைச்சல்தான் அவனைப் பிடித்து நிறுத்தியது. இங்கேயே மானம் போய்விட்டால் வேறு எங்கே போய் உட்காருவது?

"எங்க எல் சால்வதோர் நாட்டுல ரொட்டியைத் தின்னா தின்னதோட முடிஞ்சுது," என்றான் வில்மர். "உங்க ஆளுங்கதான் ரொட்டிக்குள்ள தண்டனை வைக்கிறீங்க. சரி, வச்சது வச்சாச்சு. முழுங்கினவன் எவன்?"

சிலர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்கள். சிலர் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றார்கள். குளிர், பாவம் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டான் நசாரியோ.

"நசா அண்ணே, நீங்க ஏதாவது சொல்லுங்களேன்," என்றாள் யாரெலி. நர்ஸ் படிப்புக்கு வந்திருக்கும் முதல் வருடப் பெண். சத்தம் போட்டுப் பேசினால் அபராதம் போடுவார்களோ என்பது போலப் பேசுவாள்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். எழுந்தான். கன்னத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு நேர்மையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

"தம்பிங்களா, தங்கச்சிங்களா, இது குழும்பம். குழும்பத்துல ஒழிவு மழைவு கூழாது."

"ஏன் அண்ணே ஒரு மாதிரியா பேசுறீங்க?" என்றாள் யாரெலி.

"பல்வலி."

"வாயைத் திறங்க, பாக்கறேன்."

"வேண்டாம்! தொத்திக்கும்!"

"பல்வலி எப்படிண்ணே தொத்தும்?"

"இது தொத்துற பல்வலி," என்று சொல்லிவிட்டு நசாரியோ உள்ளறைக்கு ஓடினான்.

உள்ளறைச் சோபாவில் எல்லோருடைய மேல்சட்டைகளும் மலையாகக் குவிந்து கிடந்தன. பொம்மையைக் கையில் துப்பிக்கொண்டு யோசித்தான். வில்மரின் அம்மா சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவள். வில்மர் கண்ணை மூடிக்கொண்டு நூறு பேருக்குச் சமைப்பான். தவிர, ரொம்ப அலட்டுகிறான். அவன் பாக்கெட்டில் இது இருந்தால் உலகத்துக்கு என்ன நஷ்டம்? நசாரியோ வில்மரின் சாம்பல் நிறச் சட்டையைத் தேடி எடுத்து, பொம்மையை உள்ளே போட்டுவிட்டு, பல்வலி தீர்ந்த முகத்தோடு வெளியே வந்தான்.

"எனக்கு ஒரு யோசனை. பொம்மை எங்கேயாவது தவறி விழுந்திருக்கும். எல்லாரும் அவங்கவங்க பையை ஒரு தடவை தட்டிப் பாத்துடுவோமா?"

கூட்டமே கொதித்து எழுந்தது.

"சோதனையா? நம்ம வீட்டுலயா?"

"போலீஸ்காரன் சோதனை போடுறது பத்தாதுன்னு நீயுமாடா?" என்று வில்மர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "பொம்மை போனா போகுது. நம்பிக்கை போகலாமா?"

நசாரியோவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. எப்பேர்ப்பட்ட பிள்ளைகள்! இவர்களுக்கு நடுவில் தான் மட்டும் ஒரு அல்பம்.

அவரவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் அவனுக்கு உறைத்தது. கல்லூரியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி சாம்பல் சட்டை கொடுத்திருந்தார்கள். வில்மர் போட்டுக்கொண்டது வேறு ஒன்று. நசாரியோ பொம்மை போட்ட சட்டைக்குள் யாரெலி கையை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் யாரெலி காசாவுக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நசாரியோ தேடிக்கொண்டு போனபோது நூலகப் படியில் கண் வீங்க உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஊருக்கே போயிடறேன் அண்ணே. கெமிஸ்ட்ரியில ஏற்கெனவே மார்க் மோசம். இப்ப இது வேற."

"எது வேற?" என்றான், ஒன்றும் தெரியாதவன் போல.

"என் பாக்கெட்டுல யாரோ அந்தப் பொம்மையைப் போட்டிருக்காங்க. யாரோ என்னைக் கண்டுபிடிச்சுட்டாங்க. இனிமே எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள வர்றது?"

நசாரியோவுக்குப் புரிந்துவிட்டது. பாதாம் தோட்டத்தில் கூலிக்குப் போகிற அப்பனின் மகள். ஊருக்கே தமாலே போட இவளால் முடியுமா? முடியாது என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு படிப்பையே விடப் பார்க்கிறாள். எல்லாம் யாரால்? இந்தப் பெரியண்ணனால்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். சத்தியமாக அதற்குத்தான் திறந்தான்.

"கவலையே படாதே. மொத்தத் தமாலேயும் நானே போடறேன்!" என்று அது சொல்லிவிட்டது.

யாரெலி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் முன்னைவிடச் சத்தமாக அழ ஆரம்பித்தாள்.

"யாரோ பண்ண தப்புக்கு நீங்க தலையைக் குடுக்கறீங்க. உங்களை மாதிரி யோக்கியமானவங்க இருக்கற எடத்துல நான் இருக்க லாயக்கே இல்லை. ரெண்டாம் தேதி அப்பா வண்டி எடுத்துக்கிட்டு வராரு. நான் போறேன்."

யோக்கியன் என்ற சொல் ஒருவனை இவ்வளவு கீழே தள்ளும் என்று நசாரியோ எதிர்பார்க்கவில்லை.

காசாவில் அவன் தியாகத்தை அறிவித்தபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வில்மர் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. "மச்சான், நீ மனுஷனே இல்லடா." ஆளுக்கு ஆள் ஓடிவந்தார்கள். ஒருத்தன் மாவு தருகிறேன் என்றான். ஒருத்தி கறி தன் பொறுப்பு என்றாள். பாத்திரம் கழுவ மட்டும் நாலு பேர் போட்டி போட்டார்கள். வழக்கமாக ஒரு காபிக் கோப்பையைக் கழுவச் சொன்னால் பரீட்சை இருக்கிறது என்று ஓடுகிறவர்கள்! தன் நல்ல முன்மாதிரிதான் இவர்களை இப்படி மாற்றிவிட்டது என்று நினைக்க நினைக்க அவனுக்கு அழுகை வந்தது.

"யாரும் ஒண்ணும் பண்ண வேண்டாம். நான் ஒருத்தனே பாத்துக்கறேன்," என்றான். பக்கத்தில் வந்து நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடுமே. அவன் தலைக்கு மேலே சுவரில், அவனே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிய வாசகம் இருந்தது: 'உதவி கேட்க வெட்கப்படாதே.' அதைப் பார்க்காமல் வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டான்.

"அம்மா, தமாலே எப்படிம்மா பண்றது?"

"கடைக்குப் போகணும். வரிசையில நிக்கணும். காசைக் குடுக்கணும். உன் பாட்டன் காலத்துலேர்ந்து நம்ம வீட்டுப் பக்குவம் அதுதான்."

"அம்மா, நான் நிஜமா கேக்கறேன்."

"நானும் நிஜமாத்தான் சொல்றேன். ஏன், எவளையாவது காதலிக்கிறியா?"

போனை வைத்துவிட்டு, இணையத்தில் ஒரு அம்மாள் செய்து காட்டியதைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விடுதிச் சமையலறையில் இறங்கினான். மாவு முதலில் கஞ்சியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் மாவு போட்டான், சிமெண்ட் ஆயிற்று. அடுப்பில் ஏற்றி, தண்ணீர் ஊற்ற மறந்து, மூடி வைத்தான். சோளத் தோல் பற்றிக்கொண்டு புகை கிளம்ப, அபாயச் சங்கு அலறி, விடுதி மொத்தமும் தலையில் சோப்பு நுரையும் இடுப்பில் துண்டுமாகப் புல்வெளியில் வந்து நின்றது. தீயணைப்புக்காரர் கரிந்த தமாலே ஒன்றை இடுக்கியால் தூக்கிப் பார்த்து, "இது என்ன, செருப்பா?" என்று கேட்டார்.

"ஆமா சார்," என்றான் நசாரியோ. அதுதான் கௌரவமாக இருந்தது.

வேறு வழி இல்லை. ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அடுமனை வைத்திருக்கும் சொலெதாத் அம்மாளுக்குப் போன் செய்து, கையிருப்பு மொத்தத்துக்கும் தமாலே சொன்னான். காசாவுக்கு ரோஸ்கா சுட்டுக் கொடுத்ததும் அவள்தான். "பின்வாசல் வழியா யாருக்கும் தெரியாம கொண்டு வாங்க அம்மா, புண்ணியமாப் போகும்," என்று கெஞ்சினான். கடையில் கூட்டம், அவள் "ஆகட்டும் மீஹோ, ஆகட்டும் மகனே" என்று வைத்துவிட்டாள்.

இரண்டாம் தேதி சாயங்காலம் காசா நிரம்பி வழிந்தது. சொலெதாத் அம்மாள் பின்வாசல், ரகசியம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, நடுக்கூடத்தின் வழியாக இரண்டு அண்டாக்களைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்தாள்.

"வண்டி மட்டும் அவங்களோடது!" என்று கத்தினான் நசாரியோ. "தமாலே என்னோடது!"

அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வில்மர் ஒரு வாய் கடித்துவிட்டுக் கண்ணை மூடினான். "அடேயப்பா! உங்கம்மா கைப்பக்குவம் அப்படியே இறங்கியிருக்குடா!"

நசாரியோ அம்மாள் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போதுதான் யாரெலி பெட்டியோடு உள்ளே வந்தாள். வெளியே அவள் அப்பாவின் பழைய வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"போயிட்டு வரேன்னு சொல்லத்தான் வந்தேன்," என்றாள். "இந்த வீட்டுல இருந்த கொஞ்ச நாள் சந்தோஷமா இருந்தேன். நசா அண்ணன் மாதிரி ஒரு நேர்மையான ஆளை நான் பாத்ததே இல்லை. அவர் மூஞ்சியைப் பாக்கற தைரியம்தான் எனக்கு இல்லை."

நசாரியோ கையிலிருந்த தமாலேயைத் தட்டில் போட்டான். இந்தப் பெண் வண்டியில் ஏறிவிட்டால் திரும்ப மாட்டாள். பாதாம் தோட்டத்தில் அப்பனுக்குப் பக்கத்தில் நின்று குனிந்து பொறுக்கும்போதும் இவனை யோக்கியன் என்று நினைத்துக்கொண்டே பொறுக்குவாள். அவனால் தாங்க முடியவில்லை.

"நில்லு!" என்று நாற்காலி மேல் ஏறினான். ஏறியது அவசரத்தில், நாற்காலி ஆடியது. "பொம்மை என் துண்டுலதான் வந்துச்சு. நான்தான் வாயில ஒளிச்சேன். பல்வலின்னது பொய். வில்மர் பாக்கெட்டுன்னு நினைச்சு யாரெலி பாக்கெட்டுல போட்டேன். இந்தத் தமாலே சொலெதாத் அம்மா செஞ்சது. எங்கம்மாவுக்கும் தமாலே தெரியாது. நான் செஞ்சது விடுதி வாசல்ல குப்பைத்தொட்டியில இருக்கு. உங்களை எல்லாம் நிக்க வச்சு நேர்மையைப் பத்திப் பேசினவன் நான். தூ! என்னை மாதிரி ஒரு அயோக்கியன் இந்த வீட்டுலயே கிடையாது. நான் வெளியில போறேன். யாரெலி, நீ இரும்மா."

யாராவது திட்டுவார்கள், எதையாவது வீசுவார்கள் என்று காத்திருந்தான். ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் தங்கள் தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வில்மர் தின்றுகொண்டிருந்த தமாலேயைக் கீழே வைத்துவிட்டான். அவன் காது சிவந்திருந்தது.

"அப்ப அந்த ரெண்டாவது பொம்மை உங்களோடதா?" என்றாள் யாரெலி மெதுவாக. அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டாவதா?" என்றான் நசாரியோ.

சொலெதாத் அம்மாள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

"என்ன மீஹோ, நீ ஒருத்தன்தானா? படிக்கிற பிள்ளைங்க, ஒரே தலையில பாரம் விழக்கூடாது, எல்லாரும் சேர்ந்து செய்யட்டும்னு துண்டுக்கு ஒரு குழந்தை வச்சில்ல நான் சுட்டுக் குடுத்தேன்... மீதிக் குழந்தைங்க எல்லாம் எங்க?"