மண்வாசம் தூக்கல்

மூன்று நாள் வீடியோ பார்த்துவிட்டு, முப்பது வருடம் செய்தவரிடமே போய்ப் பாடம் எடுக்கிறவனுக்குக் கன்சல்டன்ட் என்று பெயர். ஹைதராபாத்தில் எனக்குச் சம்பளம் கொடுத்ததே அதற்குத்தான். பெண் கேட்கப் போன இடத்திலும் அதையே செய்தேன் பாருங்கள், அதுதான் கொழுப்பு.

பெண் ஷீபா, என்னோடு வேலை பார்த்தவள். அவள் அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாக அங்கேயே வேர்விட்ட தமிழ்க் குடும்பம். மொட்டை மாடியில் ஒரு கறுப்புத் திராட்சைக் கொடி. அதன் பழத்தில்தான் கிறிஸ்துமஸுக்கு வீட்டு ஒயின்.

"அப்பாவுக்கு நான் ரெண்டாவது பிள்ளை. மூத்தது அந்தக் கொடி" என்று ஷீபா எச்சரித்திருந்தாள். எனக்கு முன்னால் வந்த மாப்பிள்ளை, நீட்டிய ஒயினை வேண்டாம் என்றதோடு அந்தச் சம்பந்தம் முறிந்ததாம். "எதக் கொடுத்தாலும் மறுத்துடாத. நீ சொதப்புனா ராமச்சந்திராபுரத்துல ஒரு பையன் ரெடியா இருக்கான்."

மார்ச் மாதத்து ஞாயிறு, ஆராதனை முடிந்து போனேன். கதவைத் திறந்ததும் அவர், "கைக்கு லேட்டு?" என்றார். நான் கையைப் பார்த்தேன். கடிகாரம் சரியாகத்தான் ஓடியது. ('கைக்கு' என்றால் அங்கே 'ஏன்' என்று அர்த்தமாம். பாளையங்கோட்டைக்காரனுக்கு யார் சொன்னது?)

மாடிக்குப் போனதும் ஆரம்பித்துவிட்டேன். பிரான்ஸில் கொடிகளுக்கு நடுவே செம்மறியாட்டை மேயவிட்டுக் களையெடுக்கிறார்கள் என்றேன். "எல்லாமே சஸ்டெயினபிளா பண்ணணும் அங்கிள். ரசாயனம் கூடாது, தண்ணிய வீணாக்கக் கூடாது, பிழிஞ்ச சக்கைய மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கணும்."

"ஹவ், ஹவ்" என்று அவர் ஆமோதித்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் காட்டினார். அரிசி களைந்த தண்ணீர் கொடிக்குப் போக ஒரு பழைய டிரம். ஒயினுக்குக் கழுவிக் காயவைத்த ஸ்குவாஷ் பாட்டில்கள். மருந்தடிக்கும் வழக்கமே கிடையாது.

டீ கொண்டுவந்த ஆன்ட்டி, "இதுக்கு சஸ்டெயினபிள்னு பேரா? நாங்க இத்தன வருஷமா கஞ்சத்தனம்னு சொல்லிட்டு இருந்தோம்" என்றார்.

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். அங்கிள் ஒரு மூலைக்கு அழைத்துப்போய், பீங்கான் ஜாடியின் மேல் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். "இதான் தம்பி நம்ம ரகசியம். ஜீவாமிர்தம்."

பிரான்ஸ் ஆட்டைத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை. அமிர்தம் என்பது மட்டும் காதில் விழுந்தது. கருஞ்சிவப்பு நிறம், மேலே நுரை, திராட்சை வாசனை. ஒயினேதான் என்று முடிவுகட்டி, கேட்காமலேயே மரக்கரண்டியால் மொண்டு வாய்க்குக் கொண்டுபோனேன்.

"நக்கோ!" என்றார் அவர்.

குடிக்கச் சொல்லாமல் நக்கச் சொல்கிறாரே, ருசி பார்க்க அதுதான் முறை போலிருக்கிறது என்று நினைத்தேன். நக்கினேன்.

"நக்கோ, நக்கோ தம்பி!"

இவ்வளவு பாசமாகச் சொல்லும்போது ஒரு தடவையோடு நிறுத்தினால் நன்றாக இருக்குமா? இன்னொரு தடவையும் நக்கினேன்.

முதலில் வெல்லம் தெரிந்தது. பிறகு மாடு தெரிந்தது.

துப்பியிருப்பேன். ராமச்சந்திராபுரத்துப் பையன் கண்முன் வந்து நின்றான். கண்ணை மூடி விழுங்கிவிட்டு, வீடியோவில் கற்ற வித்தையை எடுத்துவிட்டேன். "பிரமாதம் அங்கிள். மண்வாசம் கொஞ்சம் தூக்கலா இருக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மண்ணு ஒரு பிடிதான் தம்பி. மிச்சமெல்லாம் சாணி, கோமியம்."

வெல்லம், கடலைமாவு, அவர் பங்குக்குத் திராட்சைச் சக்கை எல்லாம் போட்டு ஊறவைத்த அது, கொடிக்கு ஊற்றுகிற உரம். 'நக்கோ' என்றால் 'வேண்டாம்'. இரண்டையும் ஷீபா என்னிடம் விளக்கியபோது நான் குளியலறையில் நாலாவது முறையாக வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். அவமானம் பிடுங்கித் தின்றது. கல்யாணம் போயிற்று என்றே நினைத்தேன், அழுகையும் வந்தது. அப்போது வெளியே அவர் குரல் கேட்டது.

"பையன் ஓகே."

"கைக்கு?" என்றார் ஆன்ட்டி.

"வேணாம்னு சொல்லவே தெரியல அவனுக்கு. நம்ம ஷீபாவுக்கு வேற யாரு செட் ஆவா?"

கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. அவர் கணிப்பு ஒரு நாளும் பொய்த்ததில்லை. எங்கள் மகளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கிலோ இந்தியிலோ வரும். போன வாரம் லாலாகுடாவில் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டில் வைத்த பாகற்காயைத் தள்ளிவிட்டு, "நக்கோ பாட்டி" என்றாள்.

மாமியார் பதறிப்போனார். "ஏய், 'வேண்டாம்'னு தமிழ்ல சொல்லுடி. அப்பா பக்கத்துல உக்காந்திருக்கார்ல?"